சின்னவளுக்கு வைத்த பத்தியம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாராவது பிள்ளை பெற்றோ ஆப்பரேசன் செய்தோ வீடு வந்து சேர்ந்தால், முதலில் ஆள் அனுப்புவது என் அம்மாவுக்குத்தான். நாகலெட்சுமி அக்காவின் பத்தியம் என்றால் ராகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தின் மூன்று டிவிசனுக்கும் தெரியும். பூண்டைச் சுட்டு, மிளகையும் சீரகத்தையும் வறுத்து அரைத்து, நல்லெண்ணெய் விட்டு அவர் வைக்கும் குழம்பின் மணம் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நீளும் லயத்தின் முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரை போகும். கீரை கூடாது. முட்டைக்கோவா கூடாது. பச்சையாக எதுவுமே கூடாது. பச்சைத் தண்ணீர் வாயில் படக் கூடாது. பழைய சேலையைக் கிழித்து வயிற்றை இறுகக் கட்ட வேண்டும், அடுப்படியை விட்டு நகரக் கூடாது. டாக்டர் வேறு மாதிரிச் சொன்னார் என்று யாராவது வாயைத் திறந்தால், டாக்டர் பிள்ளை பெற்றாரா என்று கேட்பார். பெண் டாக்டராக இருந்தால் அவருடைய அம்மாவிடம் கேட்டு வரச் சொல்வார்.

இப்போது அம்மா யாருக்கும் பத்தியம் வைப்பதில்லை. அதற்குக் காரணம் நான்.

அம்மாவுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தனக்குக் கிடைக்காமல் போனதால் அவராகப் பிடித்துக்கொண்ட வேலை இது. அவருக்குக் கல்யாணமான வருடமே அவருடைய தாய், தகப்பன், தம்பிகள் எல்லோரும் ஊர் திரும்புகிறோம் என்று பெயர் கொடுத்துப் பாஸ்போட் கிடைத்து இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அம்மா மட்டும் அப்பாவோடு இங்கே நின்றுவிட்டார். நான் மூன்றாவது பிள்ளை. எனக்கு ஆறு மாதமானபோது, இதற்கு மேல் பிள்ளை வேண்டாம் என்று தோட்டத்து லொறியில் வேறு பெண்களோடு ஏற்றிக்கொண்டு போய் ஆப்பரேசன் செய்து கொண்டுவந்து விட்டார்கள். மற்றப் பெண்களுக்கு வீட்டில் தாய் இருந்தாள், அக்கா இருந்தாள். அம்மாவுக்கு அப்பா இருந்தார். அப்பா நல்லவர். சுடுதண்ணி வைக்கத் தெரியாத நல்லவர். பழைய ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டு பத்து நாள் படுத்திருந்துவிட்டு, பதினோராம் நாள் விடிய, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அம்மா போய் நின்றார். மலையில் கொழுந்தெடுக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கின் கயிறு சரியாகத் தையலின் மேல் விழுந்தது. தையல் பழுத்தது. அப்பா இறந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, அம்மா வேலையிலிருந்து நின்று பென்சன் வயதும் ஆகிவிட்டது, ஆனால் பனி கொட்டும் மாதங்களில் இன்றைக்கும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவார். அன்றைக்கு ஒருத்தி என் வயிற்றைக் கட்டிவிட்டிருந்தால் இது வந்திருக்காது என்று சொல்வார். அந்த ஒருத்தியாக லயத்தில் எல்லோருக்கும் தானே ஆகிவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு ஒரு முயல் வந்தது 2022ஆம் ஆண்டின் கடைசியில். நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில், வருகிறவர்களுக்கு அறை கொடுக்கும் மேசையில் வேலை செய்கிறேன். முதலாளியின் மகள் படிக்க வெளிநாடு போனபோது, அவள் வளர்த்த முயலைக் கூட்டோடு என் தலையில் கட்டிவிட்டாள். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் சாம்பல் நிறம். நான் அதை லயத்துக்குக் கொண்டுவந்த அன்று பக்கத்துக் காம்பராக்காரர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமை கறி என்று கேட்டார்கள். அம்மாவும் முகத்தைச் சுளித்தார். மனிதருக்கே இடமில்லாத காம்பராவில் இதற்கு மாளிகையா என்றார். ஒரு வாரம் கழித்து நான் லீவில் வந்தபோது கூடு அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்தது, முயல் அம்மாவின் மடியில் இருந்தது, அதற்கு ஒரு பெயரும் இருந்தது. சின்னவள். வீட்டில் அதுவரை என்னைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது, ஆனாலும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அம்மா அப்போது மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். சாயந்தரம் ஒரு கட்டு கரட் இலையோடு வருவார். அவர் வரும் சத்தம் கேட்டால் சின்னவள் கூட்டுக்குள் இரண்டு காலில் நிற்கும். நான் வந்தால் நிற்காது.

மூன்று மாதம் போனதும் சின்னவள் தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கத் தொடங்கியது. பிடுங்கிய முடியைக் கூட்டின் மூலையில் குவித்து, வைக்கோலைச் சேர்த்து மெத்தை போல ஆக்கி, அதன் மேல் படுத்துக்கொண்டது. ஆண் முயலின் முகத்தையே பார்க்காதது, பிள்ளை வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தது. அம்மா அதைப் பார்த்து அழுதுவிட்டார். நான் கண்டியில் தனியாக வைத்தியம் பார்க்கும் ஒரு மிருக டாக்டருக்குப் போன் எடுத்தேன். பெண் முயல்களுக்கு இது வரும், விட்டுவைத்தால் பின்னால் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரவும் கூடும், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இதற்கும் வெட்டத்தான் வேண்டுமா என்று ஒரு முறை கேட்டார். மூன்றாம் நாள் அவராகவே சம்மதித்தார்.

“வெட்டித்தான் ஆகணும்னா வெட்டிட்டு வா. பெறகு நான் பாத்துக்குறேன். ஆப்பரேசன் செஞ்ச ஒடம்பு என்னா பாடுபடும்னு எனக்குத் தெரியும். எனக்கு ஆன மாதிரி அவளுக்கு ஆக விடமாட்டேன்.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது.

ஏப்ரல் மாதம், நுவரெலியாவில் சீசன் தொடங்கும் நேரம். ஒரு நாள் லீவு கிடைப்பதே பெரிய காரியம். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டுச் சின்னவளை வைத்து பஸ்ஸில் கண்டிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பொறுமையான மனிதர். ஆப்பரேசன் முடிந்ததும் சிங்களத்தில் எனக்கு மூன்று தரம் சொன்னார். முயல் மனிதரைப் போல இல்லை. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பிடாமல் அரை நாள் இருந்தால் குடல் நின்றுவிடும், நின்றால் பிழைப்பது கஷ்டம். இன்று இரவே பச்சை இலை வையுங்கள். தானாகச் சாப்பிடாவிட்டால் ஊசியில்லாத இந்த சிரிஞ்சால் வாயில் கூழ் கொடுங்கள். சூடாக வைத்திருங்கள். வயிற்றில் எதையும் கட்டவேண்டாம். அதையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். அதுவும் சிங்களத்தில்.

அம்மாவுக்குச் சிங்களம் கடையில் பேச வரும். வாசிக்க வராது.

வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சின்னவள் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்தது. நான் கொத்தமல்லி இலையை வாயருகில் பிடித்தேன், இரண்டு இலை கடித்தது. எனக்கு உயிர் வந்தது. மறுநாள் விடிய நான் ஹோட்டலுக்குப் போக வேண்டும், வெள்ளிக்கிழமை வரை அங்கேயே தங்க வேண்டும். வலி மருந்தைக் காட்டி, காலையில் இவ்வளவு, மாலையில் இவ்வளவு என்று அம்மாவுக்குச் சொன்னேன். துண்டைக் கையில் கொடுத்தேன். எல்லாம் இதில் இருக்கிறது என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், இதில் இருக்கிறது என்றேன். நான் வாசித்துவிட்டதால் அம்மாவும் வாசித்துவிட்டார் என்று என் புத்தியில் எங்கேயோ பதிந்திருக்க வேண்டும். அம்மா அந்தத் துண்டை இரண்டாக மடித்து, முருகன் படத்துக்குக் கீழே விபூதித் தட்டின் அருகில் பத்திரமாக வைத்தார்.

புதன்கிழமை பின்னேரம் ஹோட்டலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். சாவி கேட்டு ஒருவர், சுடுதண்ணீர் வரவில்லை என்று ஒருவர், குழந்தைக்குப் பால் கேட்டு ஒருவர். அந்த நேரத்தில் அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

“சின்னவளுக்குப் பத்தியமா வச்சிருக்கேன் சுதா. வயித்தையும் கட்டி விட்டிருக்கேன். சரிதானே?”

“சரிம்மா, சரிம்மா. நான் பெறகு எடுக்குறேன்,” என்றேன்.

பிறகு எடுக்கவில்லை. வியாழன் ராத்திரி எடுத்தபோது தூங்குகிறது என்றார் அம்மா. நோயாளி தூங்கினால் நல்லதுதானே என்று நானும் போய்ப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்பின் பக்கத்தில், அம்மாவின் கம்பளிக்குள், சின்னவள் கிடந்தது. வயிற்றைச் சுற்றி அம்மாவின் பழைய வொயில் சேலைக் கிழிசல், நான்கு சுற்று, நேர்த்தியாக. காதைத் தொட்டேன். ஐஸாக இருந்தது. கூட்டில் ஒரு இலை இல்லை. ஒரு சிறிய தட்டில் வறுத்த அரிசி மாவும், கிண்ணத்தில் ஓமத் தண்ணீரும் இருந்தன. புழுக்கை ஒன்றுகூட இல்லை.

என்ன சாப்பிட்டது என்று கேட்டேன். கீரை ஏதும் காட்டவில்லை, பச்சை ஆகாது என்று நீ வைத்ததையும் எடுத்துவிட்டேன், ஓமத் தண்ணீரைக் கரண்டியில் கொடுத்தேன், கொஞ்சம் குடித்தாள் என்றார். சாப்பாடு வேண்டாம் என்றுதான் இருக்கிறாள், வயிறு காய்ந்தால்தானே உள்புண் ஆறும் என்றார். இரண்டு ராத்திரியும் மடியிலேயே வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து தூங்கியிருக்கிறார். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. பெருமையாகத்தான் சொன்னார். நன்றாகச் செய்திருக்கிறாய் என்று நான் சொல்வதற்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டருக்குப் போன் எடுத்தேன். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். உடனே நுவரெலியாவில் எந்த மிருக வைத்தியரிடமாவது கொண்டுபோகச் சொன்னார்.

கீழ் லயத்துத் திலக்ஷனின் த்ரீவீலரில் ஏறினோம். அம்மாவும் செருப்பில்லாமல் ஓடி வந்து ஏறிக்கொண்டார். நான் அந்தக் கட்டை அவிழ்க்க அவிழ்க்க, சின்னவளின் வயிறு கல்லாக உப்பியிருந்தது தெரிந்தது. பாதி வழிகூடப் போகவில்லை. ஒரு வளைவில் உடம்பை நீட்டி ஒரு முறை உதைத்தது. அவ்வளவுதான்.

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் இந்தக் கதையில் நான் நல்லவளாகிவிடுவேன்.

“ஒங்க பட்டிக்காட்டு வைத்தியத்த பாத்துக் கொன்னுட்டீங்கம்மா. எழுதப் படிக்கத் தெரியாத ஒங்ககிட்ட விட்டுட்டுப் போனேன் பாருங்க, என்னச் சொல்லணும். இனிமே உசிருள்ள எதையும் ஒங்க கைல குடுக்க மாட்டேன்.”

திலக்ஷன் த்ரீவீலரை ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கி, தூரமாகப் போய் நின்றான். நான் கீழே எறிந்திருந்த சேலைக் கிழிசலை அம்மா எடுத்து, மடியில் வைத்து, மெதுவாக மடித்துக்கொண்டே இருந்தார். தையலைப் பார்த்தேன். ஒரு துளி சீழ் இல்லை, சிவப்புகூட இல்லை. அவ்வளவு சுத்தமாக ஆறியிருந்தது.

லயத்துக்குப் பின்னால், தேயிலை தொடங்கும் இடத்தில், அம்மாவே குழி வெட்டிப் புதைத்தார். என்னை மண்வெட்டியைத் தொட விடவில்லை.

ஒரு வாரத்தில் எனக்குக் கோபம் தணிந்தது. கோபம் தணிந்ததும் ஹோட்டல் மேசையில் வந்த அந்தப் போன் நினைவுக்கு வந்தது. சரிதானே என்று அம்மா கேட்டார். சரி என்று சொன்னது நான். அந்த ஒரு நிமிடம் நான் காது கொடுத்துக் கேட்டிருந்தால், அம்மா கட்டை அவிழ்த்து இலையை வைத்திருப்பார். சின்னவள் பிழைத்திருக்கும். இதை அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு லீவிலும் நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். அம்மா மறந்திருப்பார், நாமாக எதற்குக் கிளற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வருவேன். அம்மா மறந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதே வருடம் ஆவணியில் நான்காம் காம்பரா நிஷாந்திக்குப் பிள்ளை பிறந்தது. வழக்கம் போல ஆள் வந்தது. எனக்கு அதெல்லாம் தெரியாது, ஆஸ்பத்திரியில் கேட்டுச் செய்யுங்கள் என்று அம்மா அனுப்பிவிட்டார். வந்தவர்கள் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார்கள். அம்மா கதவைச் சாத்திவிட்டாராம். இதை நிஷாந்தியே என்னிடம் சொன்னாள். உங்கள் அம்மாவுக்கு என்னோடு என்ன கோபம் என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதன் பிறகு யாரும் ஆள் அனுப்புவதில்லை. அந்தக் குழம்பு மணமும் லயத்தில் இல்லை.

எனக்குக் கிஷாந்தோடு கல்யாணமானது. இந்த வருடம் மாசியில் பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை, வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். மூன்றாம் நாள் அம்மா பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு பிளாஸ்கில் சுடுதண்ணீர், துவைத்து மடித்த துணிகள், பிள்ளைக்குப் பின்னிய தொப்பி. அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அவளுடைய தாய் தூக்குச் சட்டியைத் திறந்தார். சுட்ட பூண்டு மணம் வார்டு முழுக்கப் பரவியது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் பிள்ளையை நீட்டினேன். அம்மா வாங்கவில்லை. இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். உன்னைப் போலவே மூக்கு என்றார். கை குளிராக இருக்கிறது, பிறகு தூக்குகிறேன் என்றார். ராகலைப் பனியில் முப்பது வருடம் கொழுந்தெடுத்தவருக்குக் கை குளிர்கிறதாம்.

எனக்குப் பத்தியம் கொண்டுவரவில்லையா என்று கேட்டேன். இங்கே துண்டு ஏதும் கொடுத்திருக்கிறார்களா என்று அம்மா கேட்டார். கொடுத்திருந்தார்கள். தலையணைக்கு அடியில் இருந்தது.

“அத மொதல்ல வாசிச்சுச் சொல்லு. அதுல என்னா போட்டிருக்கோ அதையே செய்றேன். நானா ஒன்னும் செய்யமாட்டேன்.”

அப்போதுதான் சொன்னேன். அழுதுகொண்டு சொன்னேன். தையல் இழுத்தது, அழுகையை நிறுத்த முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் போனில் கேட்டீர்கள், நான்தான் சரி என்றேன், தப்பு என்னுடையது, அதைத் தெரிந்துகொண்டே இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன் என்றேன்.

அம்மா என் கால் பக்கம் போர்வையைச் சரி செய்தார்.

“தெரியும். நீ சரின்னு சொன்னதாலதான் ரெண்டு நாளும் வச்சேன். ஒரு மாதிரி இருக்காளேன்னு எனக்கும் மனசுல பட்டுச்சு. சுதா படிச்ச புள்ள, சரின்னுட்டாளேன்னு விட்டுட்டேன்.”

ஏன் அன்றைக்கே என் முகத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த த்ரீவீலரில் நீ அழுத அழுகையில் இதையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் வாசித்தேன். இது தமிழிலும் இருந்தது. ஒவ்வொரு வரியையும் நான் முடித்ததும் அம்மா தனக்குள் ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பாரம் தூக்கக் கூடாது. தையலை நனைக்கக் கூடாது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். கீரை, மரக்கறி, பழங்கள் சாப்பிட வேண்டும் என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“கீரன்னுதான் போட்டிருக்கா?”

“ஆமாம்மா.”

மறுநாள் அம்மா வல்லாரையும் கரட்டும் சமைத்துக் கொண்டுவந்தார். பிள்ளையை அன்றைக்கும் தூக்கவில்லை.